பத்து மடங்கு ஆசிட், பாதி நேரம் கூட குறையல

அந்தப் பொண்ணு ஜர்னல்ல எழுதியிருந்த நாலு நம்பரைப் பாத்ததும் எனக்கு மனசு ஒரு மாதிரி ஆயிடுச்சு. நாலு விதமான கெட்டியில இருக்குற ஆசிட்ல போட்ட ரோஸ் கலர் அகர் ஜெல்லி க்யூப் வெளுக்க ஆன நேரமாம்: 12 நிமிஷம், 6 நிமிஷம், 2.4 நிமிஷம், 1.2 நிமிஷம். அரை மணி நேரம் முன்னாடி தான் நான் அவ பக்கத்துல நின்னு ஸ்டாப்வாட்ச்சைப் பாத்துக்கிட்டிருந்தேன், 1 மோலார் (கரைசல் எவ்வளவு கெட்டின்னு சொல்ற அளவு) ஆசிட்ல போட்ட க்யூப் முழுசா வெளுக்க ஏழு நிமிஷத்துக்கு மேல ஆச்சு, 1.2 நிமிஷத்துல அதோட ஓரம் மட்டும் தான் லேசா வெளுத்திருந்துச்சு. முதல் நம்பர் மட்டும் உண்மை, மத்த மூணும் கால்குலேட்டர்ல வகுத்துப் போட்டது.

நான் டீச்சர் இல்ல, மும்பையில செம்பூர் பக்கம் ஒரு ஸ்கூல்ல லேப் அசிஸ்டன்ட். பி.எஸ்சி கெமிஸ்ட்ரி படிச்சேன், கல்யாணம் ஆகி சயான் கோலிவாடா வந்து, பசங்க பெருசான அப்புறம் இந்த வேலைக்குச் சேந்தேன், ஒன்பது வருஷம் ஆச்சு. கரைசல் கலக்குறது, பீக்கர் கழுவுறது, ஆசிட் அலமாரி சாவி வச்சிருக்கறது எல்லாம் நான் தான். பசங்க எல்லாரும் என்னை தீதின்னு, அதாவது இந்தியில அக்கான்னு கூப்பிடுவாங்க, தமிழ் தெரிஞ்ச ரெண்டு மூணு பேர் மட்டும் யாரும் பக்கத்துல இல்லன்னா ஆன்ட்டிம்பாங்க. இந்தப் பொண்ணு அதுல ஒருத்தி, மாட்டுங்காவுல இருந்து வர்றா, பத்தாவது.

ப்ராக்டிகல் என்னன்னா, ஆசிட்டோட கான்சென்ட்ரேஷன், அதாவது கெட்டி, கூடினா டிஃப்யூஷன் (அதிகமா இருக்குற இடத்துல இருந்து கம்மியா இருக்குற இடத்துக்குத் தானா பரவுறது) எவ்வளவு வேகமாகுதுன்னு பாக்கணும். கெட்டியா உறைஞ்ச அகர் குள்ள கொஞ்சம் சோடியம் ஹைட்ராக்சைடும் (நாங்க சோடான்னு சொல்ற காரம்) காரத்துல ரோஸ் ஆகுற ஃபீனால்ஃப்தலீனும் கலந்திருக்கும், அதனால க்யூப் நல்ல ரோஸ் கலர்ல இருக்கும். அதை ஹைட்ரோகுளோரிக் ஆசிட்ல போட்டா ஆசிட் வெளியில இருந்து உள்ள போகப் போக சோடாவைச் சமன் பண்ணிடும், பிஹெச் 8 கிட்ட இறங்குன இடமெல்லாம் கலர் போயிடும். ஓரத்துல கண்ணாடி மாதிரி ஆகி, நடுவுல ரோஸ் கட்டி சின்னதாகிக்கிட்டே வந்து, கடைசியா ஒரு புள்ளி மாதிரி நின்னு, அதுவும் காணாம போகும். ஒன்பது வருஷமா பாக்குறேன், அந்தக் கடைசி புள்ளி மறையுற நேரத்துல லேப்ல எந்தப் பையனும் பேச மாட்டான், எல்லாரும் குனிஞ்சு பாத்துக்கிட்டிருப்பாங்க.

இதைத் தயார் பண்றதைப் பத்தி ஜர்னல்ல ஒரு வரி தான் வரும், ஆனா எனக்கு அது முழுசா ஒரு நாள் வேலை. ஒரு லிட்டர் தண்ணிக்கு 20 கிராம் அகர், நல்லா கொதிக்க விடணும், 85 டிகிரிக்கு மேல தான் அது சரியா கரையும். ஆறும்போது 40 டிகிரிக்குக் கீழ வந்தா உறைஞ்சிடும், உறைஞ்ச அப்புறம் மும்பை மே மாசத்துக்கெல்லாம் அது அசையாது. ஜெலட்டின்லயும் இதே ப்ராக்டிகல் பண்ணலாம், ஒரு வருஷம் வாங்கிக் கொடுத்தாங்க, ஃபேன் மட்டும் இருக்குற ரூம்ல மதியம் 12 மணிக்கு எல்லா க்யூபும் குழைஞ்சு தட்டோட ஒட்டிக்கிச்சு. அதோட எங்க ஸ்கூல்ல ஜைன் பசங்க நிறைய, ஜெலட்டின் மிருக எலும்புலயும் தோல்லயும் இருந்து வர்றதுன்னு தெரிஞ்சதும் தொட மாட்டேன்னுட்டாங்க, அவங்க சொன்னது நியாயம் தான். அகர் கடல்பாசி, அந்தப் பிரச்சனையே இல்ல. கிரானா கடையில சைனா கிராஸ்னு பாக்கெட்ல விக்கிறது இதே தான்.

எங்க அம்மா ராமநாதபுரம் பக்கம், கடலோர ஊரு. மன்னார் வளைகுடாவுல மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசின்னு பொம்பளைங்க மூச்சடக்கி முங்கி எடுத்துட்டு வருவாங்க, கையில துணி சுத்திக்கிட்டு, அதைக் காய வச்சு அகர் எடுக்கக் கம்பெனிக்கு அனுப்புவாங்கன்னு அம்மா சொல்லுவாங்க. ஒவ்வொரு தடவை அந்த வெள்ளைப் பொடி பாட்டிலைத் திறக்கும்போதும் எனக்கு அந்தப் பொம்பளைங்க ஞாபகம் வரும். லேப்க்குள்ள அகர் வந்ததே ஒரு சமையல்கட்டு வழியா தான். 1881 வாக்குல ஜெர்மனியில கிருமி ஆராய்ச்சி பண்ண ராபர்ட் கோக் கிட்ட வேலை பாத்த வால்டர் ஹெஸ்ஸேவுக்கு, கிருமி வளர்க்குற ஜெலட்டின் வெயில்ல உருகிப் போகுதுன்னு தவிச்சப்ப, அவர் மனைவி ஃபானி ஹெஸ்ஸே தான் வீட்டுல ஜெல்லிக்குப் போடுற அகரைப் போட்டுப் பாருங்கன்னு சொன்னாங்க. இன்னிக்கு உலகத்துல எல்லா ஆஸ்பத்திரி லேப்லயும் கிருமி வளர்க்கிறது அதுல தான். இதை நான் பசங்க கிட்ட சொல்லாம விட்டதே இல்ல.

ஆசிட் கலக்குறது இன்னொரு வேலை. பாட்டில்ல வர்ற கெட்டி ஆசிட் கிட்டத்தட்ட 12 மோலார், மூடியைத் திறந்தாலே புகையும், அதுல 83 மில்லி எடுத்து தண்ணிக்குள்ள மெதுவா விட்டு ஒரு லிட்டர் ஆக்குனா 1 மோலார் வரும். தண்ணிக்குள்ள தான் ஆசிட், ஒருநாளும் ஆசிட்டுக்குள்ள தண்ணி விடக் கூடாது. அதுல இருந்து 0.5, 0.2, 0.1 எல்லாம் பைப்பெட் வச்சு நீர்க்க வைப்பேன்.

சரி, அந்தப் பொண்ணு விஷயத்துக்கு வர்றேன். அவ உண்மையா எடுத்த ரீடிங் இது: 0.1 மோலார்ல 12 நிமிஷம் 10 செகண்ட், 0.2ல 10 நிமிஷம் 5 செகண்ட், 0.5ல 8 நிமிஷம் 15 செகண்ட், 1 மோலார்ல 7 நிமிஷம் 10 செகண்ட். ஒரு கிழிச்ச பேப்பர்ல எழுதி வச்சிருந்தா, அது டேபிள்லயே கிடந்துச்சு. நான் அதை எடுத்து அவ ஜர்னல் பக்கத்துல வச்சு, "இது என்னம்மா, அது என்னம்மா"ன்னு கேட்டேன். திட்டல, ஆனா என் குரல்ல ஏதோ இருந்திருக்கும் போல, அவ கண்ணு கலங்கிடுச்சு.

"ஆன்ட்டி, கான்சென்ட்ரேஷன் டபுள் ஆனா ரேட்டும் டபுள் ஆகும்னு டியூஷன் சார் சொன்னாரு. எனக்கு வந்தது தப்பு ஆன்ட்டி. பத்து மடங்கு ஆசிட் போட்டும் பாதி நேரம் கூட குறையல. நான் எங்கயோ சொதப்பிட்டேன், மார்க் போயிடும்."

அவ எங்கயும் சொதப்பல. அது தான் நான் அன்னிக்கு அவளுக்குச் சொல்ல நினைச்சது, இங்க எழுதுறதும் அதுக்குத் தான். இந்த ப்ராக்டிகல்ல கோடு நேரா வராது, வளைஞ்சு போயி அப்படியே தட்டையாகும். அந்த வளைவு தான் கிடைச்ச விஷயம், அதை அழிச்சுட்டு நேர் கோடு போட்டா அவ கண்ணால பாத்ததையே தூக்கிப் போட்டுட்ட மாதிரி. இந்த ரீடிங் அட்ஜஸ்ட் பண்ற பழக்கம் நான் படிச்ச காலத்துலயும் இருந்துச்சு, சீனியர் ஜர்னலைப் பாத்து எழுதுறது, விடை தெரிஞ்சுக்கிட்டு பின்னால இருந்து ரீடிங் போடுறது, யாரும் அதைத் தப்புன்னே நினைக்கிறதில்ல. எனக்கு இதைப் பாத்தா உள்ளுக்குள்ள வலிக்கும், ஏன்னா நாள் பூரா நின்னு அந்த அகரைக் காய்ச்சினது நிஜமா என்ன நடக்குதுன்னு பாக்குறதுக்காக.

டியூஷன் சார் சொன்னதும் முழுசா தப்பில்ல. 1855ல அடால்ஃப் ஃபிக்னு ஒருத்தர், உடலியல் ஆளு, ஸ்விட்சர்லாந்துல இருந்தாரு, உப்புத் தண்ணியை வச்சு பாத்துட்டு சொன்னது இது தான்: ஒரு இடத்துல அதிகமாவும் பக்கத்துல கம்மியாவும் இருந்தா, அந்த வித்தியாசம் எவ்வளவு செங்குத்தா இருக்கோ அந்த அளவுக்கு ஒரு செகண்டுக்குக் கடந்து போற அளவும் இருக்கும். அதாவது பத்து மடங்கு ஆசிட் போட்டா க்யூபோட மேல் தோல் வழியா முதல்ல உள்ள நுழையுற ஆசிட் கிட்டத்தட்ட பத்து மடங்கு தான். ஆனா நாம அதையா அளக்குறோம்? நடுவுல இருக்குற கடைசி ரோஸ் புள்ளி எப்ப மறையுதுன்னு தானே அளக்குறோம், அது வேற கேள்வி.

அவளுக்கு நான் குர்லா ஸ்டேஷனை வச்சு சொன்னேன், ஏன்னா அவளுக்கும் தெரியும், எனக்கும் தினமும் அது வழியா தான் வண்டி. சென்ட்ரல் லைன் வண்டி வந்து நிக்குது, 1,000 பேர் இறங்குறாங்க. இவங்க யாருக்கும் எங்க போகணும்னு தெரியாது, முன்னால ஒரு எட்டு, பின்னால ஒரு எட்டுன்னு தடுமாறி அலையுறாங்க, மூலக்கூறு எல்லாம் அப்படித் தான், அதுக்கு ஊரு பேரு தெரியாது. பிரிட்ஜைத் தாண்டி ஹார்பர் பக்கம் 100 பேர் வந்து சேந்தா தான் அங்க ஒரு கேட் திறக்கும்னு வச்சுக்கோ. 1,000 பேர்ல 100ன்னா பத்துல ஒருத்தர் வந்தாகணும். இப்ப அதே வண்டியில 10,000 பேர் இறங்குனா, நூத்துல ஒருத்தர் வந்தா போதும். அந்த நூத்துல ஒருத்தர் கூட்டத்துலயே அதிர்ஷ்டமா முன்னால வந்தவர், அவர் கொஞ்சம் சீக்கிரம் வந்துடுவாரு, அதனால கேட் சீக்கிரம் திறக்கும். ஆனா பத்து மடங்கு சீக்கிரம் எப்படித் திறக்கும், கூட்டம் கூடினதால யாரோட நடையும் வேகமாகலையே.

"நடை வேகமாகணும்னா?"ன்னு அவளே கேட்டா. சூடு. தண்ணியில டிஃப்யூஷன் ஒரு டிகிரிக்கு சுமார் 2 சதவீதம் கூடும், அதனால ஏசி லேப்ல எடுத்த ரீடிங்கையும் ஏசி ரிப்பேர் ஆன அன்னிக்கு எடுத்த ரீடிங்கையும் ஒரே டேபிள்ல போடக் கூடாது, போன வருஷம் ஒரு பேட்ச் அப்படித் தான் பண்ணிட்டு தலையைப் பிச்சுக்கிட்டாங்க.

இன்னொண்ணு தூரம். 1905ல ஐன்ஸ்டைன் கணக்கு போட்டுக் காட்டுனது, இந்த மாதிரி அலையுற அலைச்சல்ல ரெண்டு மடங்கு தூரம் போக நாலு மடங்கு நேரம் ஆகும்னு. இது உடம்புக்கு எவ்வளவு பெரிய விஷயம்னு யோசிச்சுப் பாருங்க. ஆக்சிஜன் தண்ணிக்குள்ள ஒரு செல் அளவு, அதாவது ஒரு மில்லிமீட்டர்ல நூறுல ஒரு பங்கு தூரம் போக ஒரு செகண்டுல ரொம்பச் சின்ன பங்கு போதும், ஒரு மில்லிமீட்டருக்கு நாலு நிமிஷம் ஆகும், ஒரு சென்டிமீட்டருக்கு ஏழு மணி நேரம் கிட்ட. வெளியில எவ்வளவு ஆக்சிஜன் கொட்டிக் கிடந்தாலும் பெரிய உடம்புக்கு டிஃப்யூஷனை மட்டும் நம்பி இருக்க முடியாது, அதுக்குத் தான் ரத்தம், இதயம், மூலை மூலைக்கும் போற தலைமுடியை விட மெல்லிசான குழாய். பயாலஜி லேப்ல இந்த ஆசிட் விளையாட்டு எதுக்குன்னு கேக்குற பசங்களுக்கு நான் சொல்ற பதில் இது.

அவ முகத்துல கொஞ்சம் தெளிவு வந்துச்சு, ஆனாலும் முழுசா நம்பல, நம்பாம இருந்தது எனக்குப் பிடிச்சுது. கேட் திறக்க எத்தனை பேர் வேணும்ங்கறது தான் விஷயம்னா, அந்த எண்ணிக்கையை மாத்திப் பாத்துடலாமேன்னு சொன்னேன். அதாவது க்யூப்ல இருக்குற சோடாவை டபுள் பண்ணிட்டு, ஆசிட்டையும் 0.1ல இருந்து 0.2 ஆக்குனா விகிதம் மாறல, அப்ப நேரமும் அதே 12 நிமிஷம் கிட்ட வரணும். டீச்சர் கிட்ட கேட்டு அடுத்த நாள் லஞ்ச் ப்ரேக்ல புதுசா ஒரு தட்டு அகர் ஊத்தி வச்சேன். முதல் தட்டுல சோடா 0.01 மோலார், இதுல 0.02. அவ டப்பாவைக் கூட திறக்காம ஸ்டாப்வாட்ச் பிடிச்சுக்கிட்டு நின்னா. பத்து நிமிஷம் தாண்டுச்சு, முந்தின நாள் இதே 0.2 ஆசிட்ல அந்த நேரத்துக்கு க்யூப் வெளுத்திருந்துச்சு, இது இன்னும் நடுவுல ரோஸா தான் இருந்துச்சு. 12 நிமிஷம் 25 செகண்ட்ல புள்ளி மறைஞ்சுது. அவ சத்தமா "அய்யோ ஆன்ட்டி"ன்னா, பக்கத்து க்ளாஸ்ல இருந்து எட்டிப் பாத்தாங்க.

சோடாவைக் கூட்டும்போது ஒரு எச்சரிக்கை, இது நானே பட்டுத் தெரிஞ்சுக்கிட்டது. கலர் நல்லா அடர்த்தியா வரட்டும்னு ஒரு வருஷம் சோடாவைத் தாராளமா போட்டுட்டேன். ஃபீனால்ஃப்தலீன் ரொம்ப காரமான இடத்துலயும் மெல்ல மெல்ல கலர் இழந்துடும், ஆசிட்டே வேண்டாம். அன்னிக்கு தட்டுல சும்மா வச்சிருந்த க்யூப் எல்லாம் தானா வெளுத்துக்கிட்டிருந்துச்சு, பசங்க எடுத்த ரீடிங்ல எது ஆசிட்டால வந்தது எது அதனால வந்ததுன்னு பிரிக்கவே முடியல, மொத்த பேட்சையும் திரும்பப் பண்ண வச்சோம். அதுல இருந்து ஒரு க்யூபை ஆசிட் இல்லாம வெறும் தண்ணியில போட்டு பக்கத்துலயே வைக்கணும்னு பிடிவாதமா இருக்கேன். அந்தத் தண்ணியும் கொஞ்ச நேரத்துல லேசா ரோஸ் ஆகும், ஏன்னா உள்ள இருக்குற சோடாவும் ஃபீனால்ஃப்தலீனும் வெளியில வருது, டிஃப்யூஷன் ஒரு பக்கம் மட்டும் நடக்குற சமாச்சாரம் இல்லன்னு பசங்க அதைப் பாத்து தான் புரிஞ்சுக்குவாங்க.

அப்புறம் நாங்க ரெண்டு பேரும் மிச்சம் இருந்த க்யூபை எல்லாம் ஸ்கேல் வச்சு அளந்தோம். ஒரு சென்டிமீட்டர்னு சொல்லித் தான் வெட்டினோம், ஆனா 9 மில்லிமீட்டர்ல இருந்து 11 வரைக்கும் இருந்துச்சு. கத்தியால ஸ்கேலை ஒட்டி வெட்டும்போது அகர் நழுவும், கத்தி சாயும். 1 மில்லிமீட்டர் தானேன்னு விட முடியாது, தூரம் 1.1 மடங்கு ஆனா நேரம் 1.21 மடங்கு, அதாவது 8 நிமிஷத்துல வெளுக்க வேண்டிய க்யூப் பத்து நிமிஷம் கிட்ட இழுக்கும். 0.5க்கும் 1 மோலாருக்கும் நடுவுல இருந்த வித்தியாசமே ஒரு நிமிஷம் சொச்சம் தான். அப்படின்னா ஒரே ஒரு க்யூபை வச்சு கிராஃப் போட்டா வளைவு எங்க தட்டையாகுதுன்னு உறுதியா சொல்லவே முடியாது, கத்தி வேலை அதை முழுங்கிடும். ஒவ்வொரு ஆசிட்டுக்கும் மூணு க்யூப், மூணையும் ஒரே பீக்கர்ல நெருக்கிப் போடாம தனித்தனியா, ஆசிட் அளவும் ஒண்ணு போல, ஒரே ஆளு கண்ணால பாத்து முடிவு சொல்லணும், ஏன்னா புள்ளி மறைஞ்சுதா இல்லையான்னு ரெண்டு பேர் பாத்தா அரை நிமிஷம் சண்டை போடுவாங்க. பீக்கருக்கு அடியில வெள்ளைப் பேப்பர் வைங்க, அந்தச் சண்டை பாதியாகும்.

அவ ஜர்னல்ல அந்த மூணு நம்பரையும் ஒரு கோடு போட்டு அடிச்சுட்டு, வொயிட்னர் வேண்டாம்னு நான் சொன்னேன், கீழ உண்மை ரீடிங்கை எழுதினா. கிராஃப் வளைஞ்சு வந்துச்சு. ஏன் நேரா வரலைன்னு முக்கால் பக்கம் எழுதியிருந்தா, அதுல குர்லா ஸ்டேஷனும் இருந்துச்சு, டீச்சர் அதைப் படிச்சுட்டு ஸ்டாஃப் ரூம்ல இருந்து லேப் வரைக்கும் நடந்து வந்து இந்த ஸ்டேஷன் கதை யாரு சொன்னதுன்னு கேட்டாங்க.

போன சனிக்கிழமை எங்க தெருவுல இருக்குற கார்பென்ட்டர் கிட்ட சொல்லி ஒரு சின்ன மரக்கட்டை செஞ்சேன், ரெண்டு பக்கமும் மெல்லிசான ஸ்டீல் பிளேடு, நடுவுல சரியா 10 மில்லிமீட்டர், காலேஜ்ல வச்சிருந்த என் வெர்னியரை எடுத்துட்டுப் போய் அவர் முன்னாடியே அளந்தேன். அதை அகர் மேல அழுத்தினா பட்டையா வெட்டும், திருப்பி அழுத்தினா க்யூப். திங்கக்கிழமை அந்தப் பொண்ணு வந்து 0.5 மோலார்ல மூணு போட்டுப் பாத்தா: 8 நிமிஷம் 2 செகண்ட், 8 நிமிஷம் 10, 8 நிமிஷம் 5.